நெஞ்சுப் படம்

என் கணவர் அருளப்பன் எக்ஸ்ரே அறைக்குள் போனார். படம் மட்டும் வெளியே வந்தது. பெரிய உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள்.

"ஆள் எங்கே?"

"படத்துலதான் இருக்கார்," என்றார் ஜன்னலில் இருந்தவர். "மடிக்காம எடுத்துட்டுப் போங்கம்மா."

டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். விலா எலும்புகள் நன்றாக விரிந்திருந்தன. நடுவில் அவருடைய இதயம் வெள்ளையாகத் தெரிந்தது.

"இருமுங்க," என்றார் டாக்டர். படம் இருமவில்லை.

"மூச்சைப் பிடிச்சிருக்கார். விட்டாத்தான் வெளியே வர முடியும்."

"விடச் சொல்லுங்க சார்."

"பிடிக்கச் சொன்னவங்கதான் சொல்லணும்."

"நான் சொல்றேனே."

"வீட்டுல நீங்க சொல்லி எதையாவது கேட்டிருக்காரா?"

கேட்டதில்லை.

எக்ஸ்ரே அறையில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"பிடிங்கன்னு சொன்னது வனமாலா மேடம். சொன்னதும் டூட்டி முடிஞ்சுது. பஸ்ஸுக்குக் கிளம்பிட்டாங்க."

"நடுவுலயேவா?"

"டூட்டி நடுவுலதான்மா முடியும்."

வாசலை நோக்கி நடந்தேன். நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. இரு பக்கமும் பெஞ்சுகளில் பெண்கள், மடியில் உறைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி உறைக்குள் எட்டிப் பார்த்து, "இதோ வந்துடுவாங்க," என்றாள்.

ஒவ்வொரு ஜன்னலிலும் படத்தைத் தூக்கிப் பார்த்தேன். இதயத்தின் வெள்ளை மங்கிக்கொண்டு வந்தது. அவரால் வெகுநேரம் தாங்க முடியாது. கிணற்றில் முங்கினால் முதலில் மேலே வருபவர் அவர்தான்.

வனமாலா பேருந்து நிறுத்தத்தில் பூ வாங்கிக்கொண்டிருந்தார். படத்தை வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தார்.

"நல்லாப் பிடிச்சிருக்கார். இப்பல்லாம் யாரும் இப்படிப் பிடிக்கிறதில்ல."

"விடச் சொல்லுங்க மேடம்."

"டூட்டி முடிஞ்சுதும்மா."

"ஒரு வார்த்தைதானே."

பூவைத் தலையில் வைத்துக்கொண்டார். "விடலாம்," என்றார்.

விலா எலும்புகள் மெல்லத் தாழ்ந்தன. படத்தின் மேல் ஆவி படிந்தது. முந்தானையால் துடைத்தேன். எலும்புகள் தாழ்ந்தபடியே இருந்தன. காத்திருந்தேன். பூக்காரி மீதிச் சில்லறை கொடுத்தாள். எலும்புகள் எழும்பவில்லை.

"மறுபடி இழுக்கச் சொல்லுங்க," என்றேன்.

"இழுக்கணும்னா அது புதுப் படம்மா. காலையில கூட்டிட்டு வாங்க."

பேருந்து வந்தது. வனமாலா ஏறினார்.

"காலையில அவர் சாப்பிட்டுட்டு வரலாமா?" என்றேன்.

படியில் நின்று யோசித்தார். "இட்லி போதும்," என்றார்.