வாக்கரின் இடது கால்

மாமனாரின் வலது கையை ஈரத்துணியால் துடைத்து முடித்து, இடது கையை எடுத்தபோதுதான் மருமகளுக்கு அவர் ஊன்றி நடக்கும் வாக்கரின் நினைவு வந்தது. துணியைக் கையில் பிடித்தபடியே கட்டிலைச் சுற்றிப் பார்த்தாள். தலைமாட்டில் இல்லை, கதவோரத்தில் இல்லை.

நாற்பது வருஷம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த மனிதர். ஆட்காட்டி விரலின் நுனி மட்டும் காய்த்துப்போயிருந்தது. மற்றபடி உள்ளங்கை இரண்டும் வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல் இருந்தன. அவள் விரல் விரலாகத் துடைத்தாள். வேறு எதையும் யோசிக்காமல் இருக்க அந்த வேலை கொஞ்ச நேரமாவது உதவியது.

காலை ஆறரைக்கு அவர் முன்னறை ஜன்னலருகே விழுந்திருக்கிறார். வீட்டில் மாமியார் மட்டும்தான் இருந்தாள். மகன் ஷிப்டு முடிந்து வரும் வழியில் இருந்தான். மருமகள் ஆறு மணிக்கே பட்டறைக்குக் கிளம்பியிருந்தாள். ஒன்பது மணிக்கு அவளுக்குக் குழாய் வெல்டிங் தேர்வு. அதற்கு முன் இரண்டு துண்டு போட்டுப் பார்த்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். போன் வந்து அவள் ஓடி வந்து சேர்வதற்குள், எதிர்வீட்டுக்காரர் கூட்டிவந்த டாக்டர் உயிர் போய்விட்டது, மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மாரடைப்பு வந்ததால் விழுந்தாரா, விழுந்ததால் மாரடைப்பு வந்ததா? காகிதத்தில் அது இல்லை. வாக்கர் இல்லாமல் அவரால் நாலு அடிகூட ஒழுங்காக வைக்க முடியாது. வாக்கரோடு போனவர் எப்படி விழுவார்? அதன் இடது முன்கால் காலை வாரியிருந்தால்தான் விழுவார். அந்தக் காலை ஒட்டவைத்தது அவள்.

இரண்டரை மாதம் முன்பு அது கட்டில் முனையில் மாட்டி முறிந்தது. கேட், கிரில் என்று பத்து வருஷம் இரும்பு வேலை பார்த்துவிட்டு, அப்போதுதான் குழாய்ப் பட்டறைக்கு மாறி, வலது கையில் வெல்டிங் டார்ச், இடது கையில் கம்பி, காலடியில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பெடல் என்று புதிதாகக் கற்றுக்கொண்டிருந்தாள். அலுமினியத்தைத் தொட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. இரும்பு உருகுமுன் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறமே மாறாது. அப்படியே நிற்கும், நிற்கும், திடீரென்று விழுந்துவிடும். வாக்கர் காலில் முதலில் ஒரு ஓட்டை போட்டாள். பிறகு அந்த ஓட்டையை அடைத்தாள். கடைசியில் பெடலிலிருந்து காலைச் சட்டென்று எடுத்துவிட்டு, அப்பாடா என்று டார்ச்சையும் தூக்கிவிட்டாள். முடிக்கிற இடத்தில் சூடு மெல்ல இறங்காவிட்டால் அங்கே வெடிப்பு விழும்.

மாமனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தையல் கோணலா இருக்கு. பரவால்ல, துணி கிழியல," என்றார். அந்த ஒட்டின் கட்டி தன் காலில் உரசுகிறது என்று மறுநாளே நீலத் துணியில் இரண்டு பட்டன் வைத்து அதற்கொரு உறை தைத்து மாட்டிவிட்டார். கை தேறியபின் அவள் நாலைந்து முறை கேட்டுப் பார்த்தாள். "ஒரே ஒரு நாள் குடுங்க மாமா, புதுசா போட்டுத் தரேன்."

"ஒரு நாள் முழுக்க நான் என்ன பறந்தா போவேன்? போம்மா, போய் குழாயப் பாரு."

குழாய்களை அவரும் பார்த்தார். அவள் கொண்டுவரும் பயிற்சித் துண்டுகளை ஜன்னல் விளிம்பில் வரிசையாக அடுக்கிவைத்து, ஒவ்வொன்றையும் கண்ணில் வைத்து உள்பக்கத்து இணைப்பைப் பார்ப்பார். தெருவில் போகிறவர்கள், பெரியவர் பட்டப்பகலில் நட்சத்திரம் பார்க்கிறார் என்று சிரிப்பார்கள். "இது தேறும், இது தேறாது," என்று அவர் பாட்டுக்குச் சொல்வார். பாதிக்குமேல் சரியாக இருக்கும் என்பதுதான் ஆச்சரியம்.

நாற்காலிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. கணவன் வாசலில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தான். "வாக்கர் எங்கங்க?" என்று கேட்டாள்.

"இப்ப அது எதுக்கு உனக்கு?" அவன் கண் சிவந்திருந்தது. "நாலு மணிக்கு வண்டி வருது. அம்மாவ ஒரு வாய் டீயாவது குடிக்கச் சொல்லு."

மாமியார் சுவரோர நாற்காலியில் இருந்தாள். சாதாரணமாக வாய் ஓயாதவள். இன்று காலையிலிருந்து ஒரு சொல் இல்லை. மருமகள் டீயை நீட்டியதும் வாங்கிக்கொண்டாள், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பார்க்காத பார்வைக்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும் என்று மருமகளுக்குத் தோன்றியது. அத்தைக்குத் தெரியும். விழுந்ததைப் பார்த்தவள் அவள்தானே.

வாக்கர் கொல்லைப்புறத்தில், துணி காயும் கொடிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது. அதன்மேல் ஒரு ஈரத் துண்டு கிடந்தது. விழுந்த இடத்திலிருந்து யாரோ எடுத்து ஒதுக்கியிருப்பார்கள் என்று நினைத்தாள். நாலு காலும் நேராகத்தான் இருந்தன. அவள் உட்கார்ந்து நீல உறையின் பட்டன்களைக் கழற்றினாள். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புதான் ஆளைக் கவிழ்க்கும். எடை ஏறும்போது திறக்கும், இறங்கியதும் மூடிக்கொள்ளும்.

பதினொரு மணிக்குப் பட்டறையிலிருந்து ஃபோர்மேன் வந்தான். அவளைவிடப் பத்து வயது இளையவன். அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே திட்டுவான். "உங்க கை நல்லாத்தான்க்கா போகுது. முடிக்கும்போதுதான் பஸ்ஸப் பிடிக்கிற மாதிரி ஓடுறீங்க," என்பது அவன் தினசரி பல்லவி. இன்று கைகட்டி நின்று பெரியவரைப் பார்த்துவிட்டு, "டெஸ்ட்ட பத்தி யோசிக்காதீங்க. ரெண்டு வாரம் தள்ளி வெச்சாச்சு," என்று மட்டும் சொன்னான்.

"வெடிப்பு பாக்குற ஸ்ப்ரே வண்டில இருக்கா?"

அவன் அவளையே ஒரு நிமிஷம் பார்த்தான். என்னத்துக்கு என்று கேட்கவில்லை. போய் மூன்று டப்பாக்களையும் எடுத்துவந்து கொல்லைப் படியில் வைத்துவிட்டு, முன்பக்கம் போய் நாற்காலி எடுத்துப் போடுகிறவர்களோடு சேர்ந்துகொண்டான்.

முதல் டப்பாவால் இணைப்பைச் சுத்தம் செய்தாள். இரண்டாவது சிவப்புச் சாயம். அதை அடித்துவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். உள்ளே வந்தவர்கள் அழுவதும், போகிறவர்கள் செருப்பைத் தேடுவதும் கேட்டது. துணியால் சாயத்தைத் துடைத்தெடுத்து, மூன்றாவது டப்பாவிலிருந்து வெள்ளைப் பொடியை மெல்லிசாக அடித்தாள். வெடிப்பு இருந்தால் உள்ளே இறங்கிய சாயம் பொடியில் கசிந்து சிவக்கும், இல்லையென்றால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும்.

இருந்தது. சுற்றிலும் வெள்ளை. கடைசியில், அவள் பெடலிலிருந்து காலைச் சட்டென்று எடுத்த இடத்தில் மட்டும் ஒரு புள்ளி சிவந்து, புள்ளியிலிருந்து மூன்று கிளை பிரிந்து, நகத்தளவு நட்சத்திரமானது.

அவள் டப்பாவைப் படியில் வைத்தாள்.

"என்னடி அது, ரத்தம் மாதிரி?"

மாமியார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

"நான் போட்ட வெல்டிங் வெடிச்சிருக்கு அத்தை." இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "தெரியும், அது சரியில்லன்னு எனக்குத் தெரியும். பிடுங்கிட்டாவது போயிருக்கணும். என்னாலதான் மாமா விழுந்தாரு."

மாமியார் நிலையை விட்டுவிட்டுப் படியில் மெதுவாக உட்கார்ந்தாள். உட்காரும்போது முகம் சுளித்தாள்.

"அவர் கையில இது இல்லவே இல்ல. என்கிட்ட இருந்தது."

"உங்ககிட்டயா?"

"முட்டி ஒரு மாசமா உயிர் போகுது. சொன்னா ரெண்டு பேரும் என்னைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவீங்க. அவர் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி இத எடுத்துட்டு வந்து துணியக் காயப்போட்டுட்டு, சத்தமில்லாம கொண்டுபோய் வெச்சிடுவேன். இன்னிக்கு அவர் சீக்கிரம் எழுந்துட்டாரு. நேத்து நீ கொண்டாந்த குழாய வெளிச்சத்துல பாக்கணும்னு சொல்லிட்டே இருந்தாரில்ல? வாக்கரக் காணோம்னதும் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல. சுவரப் பிடிச்சுட்டு போயிருக்காரு." அவள் முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நான் எடுத்துட்டு வந்ததாலதான்டி."

இருவரும் ஒரே பழியை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள். மருமகளுக்குத் தன் பாரம் இறங்கியதில் ஒரு நொடி நிம்மதி வந்தது. அப்படி வந்ததற்காக உடனே வெட்கமும் வந்தது. அத்தையின் கையைப் பிடித்தாள். பிடித்ததும் இன்னொரு கை நினைவுக்கு வந்தது. காலையில் விரல் விரலாகத் துடைத்த கை.

"அத்தை, மாமா எப்படிக் கிடந்தாரு?"

"குப்புற. பக்கத்துல குழாய் உருண்டு கிடந்தது."

"உள்ளங்கையில ஒரு சிராய்ப்பு இல்ல. முட்டியில இல்ல, முழங்கையிலயும் இல்ல. நான்தானே துடைச்சேன். தடுக்கி விழறவங்க கைய ஊனாம இருக்க மாட்டாங்க. மாமா ஊனவே இல்ல." அவள் நிதானமாகச் சொன்னாள், ஒரு இணைப்பைப் பார்த்துச் சொல்வதுபோல. "ஜன்னல் வரைக்கும் நல்லாத்தான் போயிருக்காரு. குழாயயும் எடுத்திருக்காரு. விழறதுக்கு முன்னாடியே உயிர் போயிருச்சு. வாக்கர் இருந்திருந்தா அதோட சேர்ந்து விழுந்திருப்பாரு, அவ்வளவுதான்."

மாமியார் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு இருவருமாக, அந்தப் படியில் உட்கார்ந்து, முதல் தடவையாக அழுதார்கள்.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் மருமகளுக்குத் திக்கென்றது. "ஒரு மாசமாவா? இந்த வெடிப்போடயா?"

"தாங்குச்சே," என்றாள் மாமியார் மூக்கை உறிஞ்சியபடி. "அவர விட நான் எட்டுக் கிலோ கூட. அப்பவும் தாங்குச்சு." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி பண்ணித் தா. எனக்குத்தான் இனிமே. அந்த உறைய மட்டும் தூக்கிப் போட்டுடாத."

பதின்மூன்று நாள் கழித்து, தேர்வுக்கு முந்தின நாள் காலை, மருமகள் வாக்கரைப் பட்டறைக்கு எடுத்துப்போனாள். மாமியாரும் பிடிவாதமாகக் கூட வந்தாள். ஃபோர்மேன் ஒரு ஸ்டூல் போட்டு, அவள் தலையில் கறுப்புக் கண்ணாடி வைத்த உபரி ஹெல்மெட்டை மாட்டிவிட்டான். "எல்லாம் இருட்டா இருக்கே," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "இப்ப தெரியும் பாட்டி," என்றான்.

பழைய இணைப்பை, நட்சத்திரம் முழுவதும் போகும்வரை தேய்த்தெடுத்திருந்தாள். பிரஷ் போட்டு, துடைத்து, நீல உறையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெடலை அழுத்தினாள். அலுமினியம் நிறம் மாறாமல் நின்றது. அவள் காத்திருந்தாள். கண்ணாடிபோல் ஒரு துளி திரண்டதும் கம்பியைத் தொட்டு எடுத்தாள், நகர்ந்தாள், தொட்டு எடுத்தாள். குழாயைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்தைச் சேர்ந்தபோது, பஸ் எதுவும் போய்விடவில்லை. கடைசித் துளியை நிரப்பி, பெடலை ஒரு மயிரிழை, இன்னொரு மயிரிழை என்று விட்டாள். வெளிச்சம் சிறுத்து அணைந்தது.

"அணைஞ்சிடுச்சே, முடிஞ்சுதா?" என்றாள் மாமியார்.

"இன்னும் இல்ல அத்தை."

டார்ச் அந்த இடத்தின்மேல் அசையாமல் இருந்தது. அதிலிருந்து வாயு உஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. உலோகம் ஆறும்வரை காற்றுப் படாமல் காக்க அது வரும். அவள் கையை எடுக்கவில்லை. மாமியாரும் ஹெல்மெட்டைத் தூக்காமல், அந்த இருட்டுக்குள், அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.