துவைக்காத துணி

இரண்டாவது மாப்பிள்ளையையும் சீமாட்டி கடித்துத் துரத்திவிட்டாள். அவன் காதோரத்தில் பிய்ந்த வெள்ளை முடி எங்கள் சலவைக் கடையின் நீராவியில் மெல்ல எழும்பி, இஸ்திரி மேசைக்கு மேலே சிறிது நேரம் நின்று யோசித்து, கடைசியில் மடித்து வைத்திருந்த ஓட்டல் விரிப்புகளின் மேல் போய் உட்கார்ந்தது. என் கணவர் அதைத்தான் முதலில் கவனித்தார். இரண்டு விரலால் கிள்ளி எடுத்து, விரிப்பை ஒரு முறை தடவிவிட்டு, அப்புறம்தான் முயல்கள் பக்கம் திரும்பினார். இருபத்திரண்டு வருடமாகக் கடை நடத்துகிறவரின் கண் வேறு எங்கே போகும்?

சீமாட்டி எங்கள் சாம்பல் நிற முயல். அவளுடைய ஜோடியின் பெயர் மூட்டை. பெயருக்கேற்றபடி போட்ட இடத்தில் கிடப்பவன். மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு காலையில் அவன் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து இவள் தானாக வாய் திறந்து எதையும் தின்பதில்லை. பிள்ளைகள் இல்லாத வீடு எங்களுடையது. கடையை அடைத்துவிட்டு மாடி ஏறினால், படிச் சத்தம் கேட்டு ஓடி வர அந்த இரண்டு ஜீவன்கள்தான் இருந்தன. இப்போது இவளும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். மிருக டாக்டர் ஒரு மாவு கொடுத்து, கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் ஊட்டச் சொன்னார். "முயல் வயிறு காலியா இருக்கக் கூடாதும்மா. ஆனா இப்படி ஊட்டியே எத்தனை நாளைக்கு ஓட்டுவீங்க? சீக்கிரம் ஒரு துணையைப் பாருங்க" என்றார்.

மத்தியான நேரங்களில் அவளைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஊட்டுவேன். கீழே மெஷின்கள் சுற்றும் ஓசை தரை வழியாக ஏறி வந்து என் முதுகெலும்பில் நிற்கும். மொட்டை மாடியில் காயும் விரிப்புகளின் வெள்ளை வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து அறையை நிரப்பும். அரைத் தூக்கத்தில் எனக்கு என் மடி எது, முயல் எது என்று தெரியாமல் போகும். அறையே நீரில் மிதப்பதுபோல் இருக்கும். அவள் இதயம் மட்டும் என் உள்ளங்கையில் படபடவென்று அடித்துக்கொள்ளும். அது நின்றுவிடுமோ என்று பயந்து விழித்துக்கொள்வேன். ஒரு முயலுக்காக இவ்வளவு பயப்படுவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மாப்பிள்ளைகளைக் கொண்டுவருவது பஸ் ஓட்டும் அக்கா. டவுன் பஸ் டிரைவர். யாரோ வேண்டாமென்று விட்டுவிட்ட முயல்களையெல்லாம் வீட்டில் வைத்து வளர்க்கிறார். எல்லோருக்கும் கருத்தடை ஆபரேஷன் முடிந்தாயிற்று, குடும்பம் பெருகும் என்ற கவலை வேண்டாம் என்று முதல் நாளே அறிமுகப்படுத்தினார். அவரிடம் ஒரு முறை உண்டு. சந்திப்புக்கு நான்கு நாள் முன்பே இந்த முயல் படுத்த துணி அந்த வீட்டுக்குப் போக வேண்டும், அந்த முயல் படுத்த துணி இங்கே வர வேண்டும். ஒன்றின் வாசனையில் இன்னொன்று தூங்கிப் பழக வேண்டும். பிறகு இருவருக்கும் சொந்தமில்லாத இடத்தில் சந்திக்க வைக்க வேண்டும். அதற்குத்தான் எங்கள் கடைத் தரை. முறைப்படி எல்லாம் செய்தோம். முதல் மாப்பிள்ளைக்கு மூக்கில் கடி, இரண்டாவதற்குக் காதில்.

"மிச்சம் ஒருத்தன்தான் இருக்கான். முக்கால்னு பேரு. ஒரு காது கொஞ்சம் கம்மி" என்றார் அக்கா, கூடையை மூடிக்கொண்டே. "அவனையும் ஒரு வீட்ல கேக்குறாங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் நிறுத்தி வைக்க முடியும்." வாசல் வரை போனவர் திரும்பினார். "ஏன் தங்கச்சி, உங்க வீட்டுத் துணி மட்டும் எப்படிப் பூ வாசனை அடிக்குது?"

நான் மெதுவாகத் திரும்பி என் கணவரைப் பார்த்தேன். அவர் விரிப்பின் விளிம்பைச் சரி செய்துகொண்டிருந்தார்.

துணிப் பையை அக்கா கடையில்தான் கொடுத்துவிட்டுப் போவார். சலவைக் கடையில் கொடுத்த துணி என்ன ஆகும்? வந்த துணியும் மெஷினுக்குள் போயிருக்கிறது, போன துணியும் போயிருக்கிறது. எட்டாக மடித்து, சூடு ஆறுவதற்குள் என் கைக்கு வந்திருக்கிறது. நானும் வாங்கி விரித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் மடிக்காத துணி என்று ஒன்று கிடையாது என்பதால் எனக்கும் உறைக்கவில்லை. பாவம், சீமாட்டி நான்கு நாள் சோப்புத்தூளோடு பழகிவிட்டு, ஐந்தாம் நாள் முன்பின் தெரியாத ஒருவனைப் பார்த்திருக்கிறாள். கடிக்காமல் என்ன செய்வாள்?

அக்கா போனதும் பிடித்துக்கொண்டேன். "துவைக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

"அழுக்குத் துணியை எப்படிம்மா அடுத்த வீட்டுக்குக் குடுக்குறது? நம்மள என்ன நெனப்பாங்க?"

"நெனக்கப்போறது முயலுங்க!"

"முயலா இருந்தா என்ன? துணி சுத்தமா இருந்தா எல்லாருக்கும் நல்லதுதான்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பதில் இவரை மிஞ்ச ஆளில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அப்ப மூட்டையோட துணி? அதையுமா?" என்று கேட்டேன்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அன்னைக்கே துவைச்சுட்டேன். வாசம் இருந்தா தேடிக்கிட்டே இருக்கும்னு நெனச்சேன்." பெட்டியின் சுவிட்சை அணைத்தார். "தம்பி போனப்பவும் அப்படித்தான். அவன் சட்டை ஏழையும் மறுநாளே துவைச்சு, மடிச்சு வச்சேன். அப்புறம் ஒரு மாசம் பீரோவைத் திறந்து திறந்து மோந்து பாத்தேன். ஒண்ணுமே இல்ல."

கொழுந்தனார் இறந்து ஆறு வருடமாகிறது. அந்த ஒரு மாதமும் நான் இதே வீட்டில்தான் இருந்தேன். பீரோக் கதவு திறந்து மூடும் சத்தம் எனக்குக் கேட்டிருக்கிறது. சில்லறை தேடுகிறார் என்று நினைத்தேன். வாயில் வந்த வசவையெல்லாம் விழுங்கிவிட்டுப் போய்க் கடையின் ஷட்டரை இழுத்துவிட்டேன்.

மறுநாள் சீமாட்டியின் துணி துவைக்காமலே அங்கே போக, முக்காலின் துணி வந்தது. வாங்கியவர் இவர்தான். பையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு மாடிக்கு வந்து என் கையில் கொடுத்தார். மஞ்சள் கறை, வைக்கோல் துரும்பு, நல்ல நெடி. அடுத்த நான்கு நாளும் அந்தத் துணியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஒரு தடவை குனிந்து அதன் மடங்கிய ஓரத்தை நேராக்கப் போய், கையை இழுத்துக்கொண்டார். சீமாட்டி முதல் இரண்டு நாள் அதைக் காலால் உதைத்துத் தள்ளினாள். மூன்றாம் நாள் அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள். நான்காம் நாள் முகத்தை அதில் புதைத்துத் தூங்கினாள். சாப்பாடு மட்டும் அப்போதும் சிரிஞ்சில்தான்.

"நாளைக்கு யாரும் சோப்பு போட்டுக் குளிக்காதீங்க. துவைச்ச சட்டையும் வேணாம்" என்று அக்கா சனிக்கிழமை சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை கடை மூடியிருந்தது. மெஷின்கள் நின்றிருந்ததால் அந்த இடமே வேறு எங்கேயோ இருப்பதுபோல் இருந்தது. ஷட்டரின் ஓட்டைகள் வழியாக வெயில் சின்னச் சின்ன வட்டங்களாகத் தரையில் கிடந்தது. அக்கா கூடையைத் திறந்தார். முக்கால் வெளியே வந்து, ஒரு வட்டத்துக்குள் உட்கார்ந்து, தன் குறைக் காதை ஆட்டினான். சீமாட்டி மூலையில் இருந்தாள். நாங்கள் மூவரும் தரையில் உட்கார்ந்தோம்.

அவள் ஓடி வந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கடிபடும் சத்தம் வரவில்லை. திறந்து பார்த்தபோது அவள் அவன் முன்னால் தலையைத் தாழ்த்தித் தரையோடு தரையாகக் கிடந்தாள். அவனும் தலையைத் தாழ்த்தியிருந்தான்.

"ரெண்டும் காத்திருக்கு. நீ முதல்ல என்னை நக்குன்னு" என்று அக்கா கிசுகிசுத்தார்.

"எவ்வளவு நேரம் இப்படி?"

"அதுங்க இஷ்டம்."

இவர் என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்திருந்தார். முந்தாநாள் போட்ட சட்டை, கசங்கியது. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு சட்டையில் அவரை நான் பார்த்ததில்லை. வியர்வையும், தலை எண்ணெயும், இன்னும் ஏதோ ஒன்றும் கலந்த ஒரு வாசனை அவரிடமிருந்து வந்தது. சோப்புக்கு அடியில் இத்தனை காலம் இது இருந்திருக்கிறது. இதுதான் இவர் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்தது. முகத்தைத் திருப்பாமல் மூச்சை மட்டும் நன்றாக இழுத்துக்கொண்டேன்.

அக்கா ஒரு கேரட் இலைக் கொத்தை அவர்களுக்கு நடுவே வைத்தார். முக்கால் ஒரு தண்டை இழுத்து நுனியிலிருந்து மெல்ல ஆரம்பித்தான். தண்டு ஆடி ஆடி அவன் வாய்க்குள் குறைந்துகொண்டே போனது. சீமாட்டி தலையைத் தூக்கினாள். மூக்கு துடித்தது. ஆடிக்கொண்டிருந்த மறுமுனையைத் தானாக வாய் திறந்து பிடித்தாள். முக்கால் மெல்லுவதை நிறுத்தினான். தண்டு இருவருக்கும் நடுவில் ஆடாமல் நின்றது.