நான்காம் பிரஸின் கட்டம்

விடியும்போதே தகடு சுமந்து தோள் கன்றிப்போயிருந்தது. தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ்கள் அடிக்கிற அடியில் பக்கத்தில் நிற்பவன் செத்தாலும் கேட்காது. அதனால் கூடத்து நடுவில் இருந்த கணினித் திரைதான் எங்களுக்குக் காது. அதில் ஓர் அட்டவணை. சிக்கிய தகட்டை எடுக்கப் போகிறவன் அதில் தன் பேரைப் பதிந்துவிட்டுத்தான் போவான். மெஷின் எண் இருக்கும் கட்டத்தைத் தொட்டால் அந்த மெஷினின் பக்கம் திறந்து, உள்ளே கை வைத்திருப்பது யாரென்று காட்டும். மாடியில் நிரல் எழுதுகிறவன், நாங்கள் கண்ணாடி என்று கூப்பிடுகிறவன், செய்து கொடுத்த இணைப்பு அது. தொட்டுப் பார்க்காமல் யாரும் எதையும் ஓட்ட மாட்டோம்.

அன்று நான்காம் பிரஸில் தகடு சிக்கியது. மச்சான் கையை உள்ளே விட்டிருந்தான். எங்கள் எல்லோருக்கும் அவன் மச்சான்தான். திரையருகே நின்ற அவன் தங்கச்சி, அண்ணன் இன்னும் உள்ளேதானா என்று பார்க்கக் கட்டத்தைத் தொட்டாள். பக்கம் திறக்கவில்லை. பிரஸ் இறங்கியது.

அந்த அலறல் இரைச்சலையும் மீறிக் கேட்டது. கை முழங்கை வரை கூழாகிவிட்டது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே நின்றது. ரத்தம் என் செருப்புக்குள் புகுந்து பிசுபிசுத்தது. தங்கச்சி, தொட்ட விரலைத் தரையில் குத்திக் குத்தி உடைக்கப் பார்த்தாள்.

மச்சானை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும் முதலாளி வந்தார்.

"அண்ணன் கைய இவளே நசுக்கிட்டா. போலீஸ் வருது. புடிச்சுக் குடுங்க," என்றார். அப்புறம், அலறல் கேட்டு மாடியிலிருந்து ஓடி வந்திருந்த கண்ணாடி பக்கம் குனிந்து, "அவங்க வர்றதுக்குள்ள அந்தக் கட்டத்தப் பழையபடி இணைப்பா மாத்திடு."

இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்று பழகிப்போன மனுஷன். பிரஸ்கள் நின்றிருந்தன. எல்லோருக்கும் கேட்டது.

"மாத்த மாட்டேன் சார்," என்றான் கண்ணாடி. "தொட்டா பக்கம் மட்டும் திறக்கணும், மெஷின் ஓடக்கூடாதுன்னு நேத்தே சொன்னேன். பக்கத்தத் திறந்து ஓட்டுறது வெட்டி வேலை, தொட்டதும் ஓடணும்னீங்க. கீழ சொல்லிட்டு வர்றேன்னேன். நானே சொல்லிக்கிறேன்னீங்க."

முதலாளி ஓங்கி அறைந்தார். மூக்குக் கண்ணாடி நொறுங்கிச் சில்லு அவன் கன்னத்தைக் கிழித்தது. கம்பெனிக் காவலாட்கள் தடியோடு பாய்ந்தார்கள். ஒருவன் தங்கச்சியின் முடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தான். நான் இரும்புக் கம்பியை எடுத்து ஓங்கிவிட்டேன்.

"வேணாண்ணே," என்று கீழே கிடந்தபடியே தங்கச்சி கத்தினாள். "அதையே சாக்கா வெச்சு எல்லாரையும் உள்ள தள்ளிடுவாங்க. திரையக் காப்பாத்துங்க, அதுதான் சாட்சி."

கம்பியைப் போட்டேன். அவளைப் பிடுங்கி நடுவில் வைத்து, கையோடு கை கோத்துத் திரையைச் சுற்றி நின்றோம். முதுகில் தடி இறங்கியது. என் விலா ஒன்று முறிந்தது. மாடியிலிருந்து நிரல் எழுதுகிறவர்கள் மொத்தப் பேரும் இறங்கி வந்தார்கள்.

"மேல இருக்கிறவங்களுக்கு இங்க என்ன வேலை?" என்று முதலாளி உறுமினார்.

"இதுதான் சார் எங்க வேலை," என்று ஒருத்தி என் கையைக் கோத்துக்கொண்டாள். இனி மேலே போய் எதையும் மாற்ற ஆளில்லை.

போலீஸ் வந்தது. முதலில் முதலாளிக்குத்தான் வணக்கம் வைத்தார்கள். பிறகு, "யாரும்மா தொட்டது?" என்றார்கள்.

"நான்தான். என்ன ஆச்சுன்னு தொட்டே காட்டுறேன்." அவள் விரல் வீங்கியிருந்தது. தொடாமல் எங்கள் பக்கம் திரும்பினாள். "நாலாவதுல யாராவது கை வெச்சிருக்கீங்களா?"

கோத்த கைகளைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, "இல்ல, எல்லார் கையும் இங்க இருக்கு," என்றோம்.