அட்டை வேலைக்கு ஆள் தேவை

புளத்கொகுபிட்டியவுக்கு மேலேயுள்ள தோட்டத்தின் பிள்ளைக் காம்பராவில், கதையில் ஒரு பிள்ளை என்னவாக வருகிறதோ, தாய் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை அதுவாகவே இருக்கும். தாய்மார் மலைக்குப் போனபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் புஷ்பத்துக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. உப்புப் போத்தலை எட்டாத தட்டில் வைத்ததோடு சரி. கதை சொல்வது ஐந்து வயது நிரஞ்சன். அவன் எப்போதும் துரை. பிஸ்கட்டில் பங்கு கொடுத்தவர்கள் கங்காணி, கொடுக்காதவர்கள் கொழுந்தெடுக்கும் ஆட்கள். றக்வானயிலிருந்து புதிதாக வந்த நான்கு வயதுத் தனுஷிகா, ரத்தம் குடிக்கும் அட்டை.

குளிர்ந்த சிமெந்துத் தரையில் அவள் நாள்முழுக்க நெளிந்தாள். அட்டைக்குக் குரல் கிடையாது. மறுத்துப் பேசவும் வழியில்லை. ஒரு தடவையாவது ஆளாக அந்தக் கதைக்குள் நடந்துவிட வேண்டுமென்று பிள்ளை ஏங்கியது, பாவம்.

முன்பல் விழுந்த காலையில் நிரஞ்சன் வெட்கப்பட்டு வாயை இறுக மூடிக்கொண்டான். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ஐயோ, நான் சொல்றேன்," என்றாள் தனுஷிகா. அவனை அட்டையாக்க நாக்குத் துடித்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே துடித்தது. ஆனால் அந்தத் தரையின் குளிர் அவளுக்குத் தெரியும். "எல்லாருமே தொரைங்க," என்று சொல்லிவிட்டாள்.

காம்பரா நிறையத் தொப்பியும் பூட்ஸுமாகத் துரைமார். ஒருவரையொருவர் மலைக்குப் போகச் சொல்லி அதட்டினார்கள். கொழுந்தெடுக்க ஆளில்லை, தேத்தண்ணி கொண்டுவர ஆளில்லை. கடைசியில் அத்தனை துரைமாரும் அழுதார்கள். "இது கதையே இல்ல," என்றான் பிரதீபன் துரை. கிடைத்த இடம் கைநழுவுவதைப் பார்த்துத் தனுஷிகாவுக்கும் கண் நிறைந்தது.

அப்போது நிரஞ்சன் பொக்கை வாயைத் திறந்தான். "வேணும்னா நான் அட்டையா இருக்கேன்."

அவள் யோசித்தாள். "சரி. ஆனா தரையில இல்ல, என் தோள்ல. அட்டைய தூக்கிக்கிட்டு ரம்புக்கனை ஸ்டேசன்ல கோச்சி ஏறப் போறோம்." துரைமார் அழுகையை விட்டுவிட்டு அவள் பின்னால் ஏறிக்கொண்டார்கள்.

சாயங்காலம் நிரஞ்சனின் அம்மா மல்லிகா வந்தபோது, மகன் தனுஷிகாவின் கழுத்தோரம் தூங்கிக் கிடந்தான்.

"கடிச்சானா தங்கம்?"

"கொஞ்சூண்டுதான்."

மல்லிகா சேலைத் தலைப்பால் ரத்தத்தைத் துடைத்துவிட்டு மகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அதற்குப் பிறகு அந்தக் காம்பராவில் அட்டை வேலைக்கு ஆள் பஞ்சம் வந்ததில்லை. தனுஷிகாவின் தோளுக்கு அடிபிடியாகி, ஒருநாள் அவள் எல்லோருக்கும் அந்த வேலையைக் கொடுத்துவிட்டாள். அன்று புஷ்பம் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, பார்த்துப் பார்த்து நடந்தாள்.