கழுத்துக்கு மேலே

வீட்டிலிருந்த கண்ணாடிகளை எல்லாம் மூடிக்கொண்டே வந்த பக்கத்து வீட்டு த்ஸ்வெத்தானா, அந்தப் பழைய கணினித் திரைமேலும் ஒரு துண்டைப் போட்டிருந்தாள். நெவேனா அதை இழுத்துக் கீழே எறிந்தாள்.

"சவப்பெட்டி வீட்டை விட்டுப் போற வரைக்கும் முகம் தெரியிற எதையும் தொறக்கக் கூடாதுடி."

"மூணு மணிக்குத் தூக்கிடுவாங்க அத்தை. அதுக்குள்ள அம்மா படத்தை எடுத்து அப்பா கையில வெச்சு அனுப்பணும்."

கூடத்தில் அப்பா ஸ்தோய்மென் கிடந்தார். பிணத்தைத் தனியே விடக்கூடாது என்று அண்ணன் காமென் மெழுகுவத்தியோரம் உட்கார்ந்திருந்தான். அம்மா எலித்சா இறந்தபோது நெவேனாவுக்கு எட்டு மாதம். அம்மாவின் முகம் அவளுக்கு நினைவில்லை, படத்தில்கூடப் பார்த்ததில்லை. கணினி ஆலையில் வேலை செய்த அப்பா, குடும்பப் படங்களை எல்லாம் தானே உண்டாக்கிய ஒரு கோப்பு வடிவத்தில் ஏற்றி வைத்திருந்தார். இந்த இயந்திரத்தைத் தவிர வேறெதிலும் அது திறக்காது. கேட்கும்போதெல்லாம், பத்திரமாக இருக்கிறது, நான் போன பிறகு பார்த்துக்கொள் என்பார். அந்தப் பிடிவாதத்தை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

எலித்சா என்ற கோப்பைத் திறந்தாள். அப்பாவின் கோப்பு வடிவத்தில் படம் அடியிலிருந்துதான் மேலே எழும். முதலில் செருப்பு. பாவாடை விளிம்பு. கோர்த்த கைகள். கழுத்து வந்ததும் நின்றுவிட்டது. மேலே வெறும் கறுப்பு.

அடுத்ததைத் திறந்தாள். கல்யாணக் கூட்டம், ஒருவருக்கும் தலையில்லை. கடற்கரைப் படத்திலும் அப்படியே.

காமென், த்ஸ்வெத்தானாவைப் பிணத்தருகே உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்தான்.

"எல்லாப் படமும் அடியிலேர்ந்து இருநூத்தி அம்பத்தஞ்சு புள்ளி வரியோட நின்னுடும். அதுக்குமேல அவர் இடமே ஒதுக்கல. சரியா ஏறுச்சான்னு பாக்காமலே காகிதப் படத்தை எல்லாம் அடுப்புல போட்டுட்டாரு. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு."

பட்டியலின் கடைசியில் எலித்சா என்ற பெயரிலேயே இன்னொரு கோப்பு இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமைத் தேதி. காமென் வேண்டாம் என்றான். அவள் திறந்தாள்.

செருப்பு, பாவாடை, கைகள். கழுத்தைத் தாண்டியது; இந்த ஒரு கோப்புக்கு மட்டும் அப்பா மேலே இடம் ஒதுக்கியிருந்தார். மோவாய் வந்தது. கையால் ஒவ்வொன்றாக வைத்த புள்ளிகள், சில வரி பிசகியிருந்தன. கீழுதடு. அதன் கீழே ஒரு தழும்பு.

"அம்மாவுக்கு அங்க தழும்பு கிடையாது," என்றான் காமென். பிறகு அவள் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றான்.

ஐந்து வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்தபோது நெவேனாவுக்கு ஏற்பட்ட தழும்பு அது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வரும்போதெல்லாம் அப்பா ஜன்னலோரம் உட்காரச் சொல்வார். கொஞ்சம் திரும்பு என்பார். வைத்த கண் வாங்காமல் பார்ப்பார். கிழத்துக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவள் அண்ணனிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

மூக்கு முடிந்தது. இடது கண் திறந்தபடி வந்தது. வலது கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

வாசலில் பெட்டி தூக்குகிறவர்களின் காலடி கேட்டது. காமென் இரண்டு தடவை கூப்பிட்டான். நெவேனா ஜன்னல் பக்கம் லேசாகத் திரும்பி, முகத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.