கேஜ் கண்ணாடியின் உள்பக்கம்

செத்துப்போன பாய்லர் ஆபரேட்டர் பதினேழு நாள் கழித்து மூச்சு விட்டதை முதலில் பார்த்தவர் பாலிஷ்காரர்தான். சாயப்பட்டறையின் கருவி அறையில், காலை பத்தேகால் மணிக்கு, நல்ல வெளிச்சத்தில் பார்த்தார். அப்போதுதான் தேய்த்து முடித்திருந்த, பாய்லரின் நீராவி அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜின் பிளாஸ்டிக் கண்ணாடியில், உள்பக்கமாக, ஒரு நாணய அகலத்துக்கு ஆவி படர்ந்தது, சுருங்கியது, மறுபடியும் படர்ந்தது. அசந்து தூங்குகிறவனின் மூச்சுப்போல அவசரமே இல்லை. அவர் வளையத்தைத் திருகி எடுத்து, பனியன் துணியால் உள்பக்கத்தைத் துடைத்தார். துணியில் கிராம்பு வாசனை அடித்தது. ஆபரேட்டர் பல்வலிக்காரர், எந்நேரமும் கடைவாயில் ஒரு கிராம்பை அடக்கியிருப்பார். பாலிஷ்காரர் கண்ணாடியை மாட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, தராசு முகப்பு ஒன்றை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

ஆபரேட்டர் அவருடைய தங்கையின் கணவர். பட்டறையில் அளவு காட்டும் எதன் முகம் கீறினாலும் மங்கினாலும் பாலிஷ்காரரிடம்தான் வரும். சோப்புத் தண்ணீரில் கழுவி, எண்ணூறாம் நம்பரில் தொடங்கி இரண்டாயிரம்வரை, வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை நனைத்து நனைத்துத் தேய்த்து, கடைசியில் பேஸ்ட் தொட்ட துணியால் மெருகேற்றுவார். பிளாஸ்டிக்குக்குப் பெயிண்ட் கரைக்கிற தின்னரைக் காட்டவே கூடாது, வெளுத்துவிடும் என்று இருபத்திரண்டு வருடமாக எல்லோருக்கும் சொல்லிவந்தவர். பாய்லர் வெடிப்பதற்கு ஒரு வாரம் முன்னால் ஆபரேட்டர் வந்து, "மச்சான், முள்ளு பத்துல நிக்குதா பதினாலுல நிக்குதான்னே தெரியல. ஒரே கீறல்" என்றார். துருவேறிய அந்த கேஜைக் கழற்ற பாய்லரை நிறுத்தியாக வேண்டும். "ஆர்டர் தலைக்கு மேல நிக்குது, அஞ்சு நிமிஷம்கூட நிறுத்த முடியாது" என்றார் மேனேஜர். ஷிப்ட் முடிகிற நேரம். பாலிஷ்காரருக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். பெயிண்ட் அறையிலிருந்து தின்னர் நனைத்த துணியைக் கொண்டுபோய், சூடாக இருந்த கண்ணாடியை மாட்டியிருந்தபடியே ஒரு இழுப்பு இழுத்தார். ஈரத்தில் கீறல்கள் மறைந்தன. விடிந்தபோது கண்ணாடி பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரும் சொன்னார், மேனேஜரும் சொன்னார். அடுத்த வாரம் பாய்லர் வெடித்தது, ஆபரேட்டர் அங்கேயே செத்தார். சேஃப்டி வால்வு கூரையோடு பறந்துபோயிற்று, அதை யாரும் தேடவில்லை. கேஜ் மட்டும் துணி மூட்டைகளுக்கு நடுவே முழுசாகக் கிடந்தது.

பதினேழாம் நாள் காலையில் மேனேஜர் அதைத் தன் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தார். "நாளைக்கு பாய்லர் இன்ஸ்பெக்டர் வர்றாரு. கண்ணாடி கண்ணாடியா இருக்கணும். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது." வெளுத்துக் கிடந்தால் தப்பு இவர்கள் இருவர் மேல்; தெளிந்திருந்தால் செத்தவர் மேல். பாலிஷ்காரருக்கு இது புரியாமல் இல்லை. புரிந்துதான் தேய்த்தார். வாழ்நாளிலேயே அவர் செய்த மிக நல்ல வேலை அதுதான் என்று பிற்பாடு பட்டறையில் பேசிக்கொண்டார்கள்.

மதியம் தங்கை பட்டறை கேட்டுக்கு வந்து நின்றாள். "அண்ணா, அவரு டியூட்டியில தூங்கிட்டாருன்னு எழுதப் போறாங்களாம். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. குழந்தையைக் கூட்டிக்கிட்டு நான் எங்கே போவேன்? அந்தக் கண்ணாடி எப்படி இருந்துச்சுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லேன்."

"பார்க்கலாம்மா" என்று சொல்லிவிட்டு அவர் கிராம்பு வாசனை போகாத கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் கேஜை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஆவி படர்ந்தது. துடைக்கச் சொன்னார்; துடைத்தார்கள். மூன்றாவது முறையும் படர்ந்தபோது, போகட்டும் என்று, 'கண்ணாடி தெளிவாக உள்ளது; இடையிடையே ஈரம் படிகிறது' என்று எழுதிக்கொண்டார். அந்த ஈரம் படர்ந்து சுருங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த பாலிஷ்காரருக்கு அதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "சார், வெடிச்சப்ப இது இப்படி இல்ல. தின்னர் போட்டு வெளுக்க வெச்சது நான்தான். நேத்து தேய்ச்சுத் தெளிய வெச்சதும் நான்தான்."

மேனேஜரின் முகம் செத்துவிட்டது. இன்ஸ்பெக்டர் பூதக்கண்ணாடியை எடுத்து கால்மணி நேரம் ஒரு கீறலைத் தேடினார். கிடைக்கவில்லை. "தின்னர் பட்ட பிளாஸ்டிக் இந்த அளவுக்குத் தெளியாதுப்பா. செத்தவரு உன் தங்கச்சி புருஷனாமே. உன் கஷ்டம் புரியுது" என்று தோளைத் தட்டிவிட்டு, ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று முடித்தார். மேனேஜர் பாலிஷ்காரரை வேலையைவிட்டுக்கூட எடுக்கவில்லை. அப்படிப்பட்ட கைகாரனை விட்டால் வேறெங்கே பிடிப்பது?

பழைய இரும்புக்குப் போகவிருந்த கேஜைத் தங்கை ஸ்டோர்காரரிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். கேட்டருகே அண்ணனைப் பார்த்து, "நீதான் தேய்ச்சியாமே" என்றாள். அவ்வளவுதான். ஒன்பது வருடம் அவள் அவரோடு பேசவில்லை. துணி தேய்க்கும் கடையில் வேலைக்குப் போனாள்; நான்கு வாடகை வீடு மாறினாள்; போன வீட்டிலெல்லாம் முதலில் ஆணி அடித்து கேஜை மாட்டினாள். மகளுக்குக் காய்ச்சல் என்றால் கண்ணாடியில் மூச்சு வேகமாகும். ஒருமுறை மகளைப் பார்க்க வந்த டாக்டர் அதையும் கடிகாரம் பார்த்து எண்ணிவிட்டு, "இவருக்கு ஒண்ணும் இல்ல, பொண்ணுக்கு மட்டும் மாத்திரை கொடுங்க" என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் மதியத்தில் ரேடியோவைக் குறைத்து வைக்கப் பழகினார்கள்.

ஐந்தாவது வீட்டுக்குச் சாமான் ஏற்றும்போது இரும்புக் கட்டில் உரசி, கண்ணாடியின் நடுவே ஆழமாகக் கீறல் விழுந்தது. மறுநாள் தங்கை அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"வெளிப்பக்கம் கீறிடுச்சு. வந்து தேய்ச்சுக் கொடு. உள்பக்கம் கை வைக்கக் கூடாது."

தங்கையின் புது வீடு மாடியில் ஒற்றை அறை. அவர் ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து, வளையத்தைக் கழற்றாமல், ஒவ்வொரு பேப்பராக நனைத்துத் தேய்த்தார். ஆவி படரும்போதெல்லாம் கையை எடுத்துக்கொண்டு, அது சுருங்கும்வரை காத்திருந்தார். ஒரு மணி நேர வேலைக்கு நான்கு மணி நேரம் ஆயிற்று. கீறல் போய்விட்டது. தங்கை அதை வாங்கி ஆணியில் மாட்டி, சாய்வைச் சரிசெய்தாள்.

"அம்மாடி, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தார்.

அவள் திரும்பி, உதட்டில் விரலை வைத்தாள். "மெதுவா. இப்பத்தான் கண் அசந்தாரு."

பாலிஷ்காரர் கண்ணாடியைப் பார்த்தார். தலையாட்டினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, படிகளில் சத்தமில்லாமல் இறங்கிப் போனார்.