மெதுவாகப் பாடியவள்

குன்னூருக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் பவுல்ராஜ் டீசல் எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தபோது, ஊருக்குக் கப்பலேறிய துரைசாணி ஒரு ரெக்கார்டு பிளேயரையும் ஒரே ஒரு இசைத்தட்டையும் டிஸ்பென்சரி நர்ஸ் ஜூடித்திடம் கொடுத்துவிட்டுப் போனாள். அது ஜாஸ் என்றார்கள். துணியைச் சுற்றி ஊதுவது போல ஒரு ட்ரம்பெட், பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் சொல்வது போல ஒரு பெண்குரல். அவ்வளவுதான்.

டிஸ்பென்சரிக்கும் எஞ்சின் ரூமுக்கும் நடுவே ஒரு சுவர். எஞ்சின் சத்தத்தில் அந்தக் குரல் எப்படிக் கேட்டது என்று கேட்கக் கூடாது. ரகசியம் என்றால் எஞ்சினும் கொஞ்சம் காது கொடுக்கும். சாயங்காலம் பாட்டுத் தொடங்கியதும் தேயிலைப் புதருக்குள் ஒரு காட்டெருமை வந்து நிற்கும். முதல் பக்கம் முடிந்தால், ஜூடித் தட்டைத் திருப்பிப் போடும்வரை காத்திருக்கும். நம்பாதவர்கள் எருமையை விசாரித்துக்கொள்ளலாம்.

அந்த எஸ்டேட்டுக்குக் கரண்டு பவுல்ராஜின் எஞ்சினிலிருந்துதான் போனது. அதன் கைப்பிடியைச் சற்று இறக்கிப் பிடித்தால் விளக்குகள் மங்கும், இலை உருட்டும் ரோலர் சோம்பும், பிளேயரும் மெல்லச் சுற்றும். பாடுகிறவள் ஒவ்வொரு சொல்லையும் விட மனமில்லாமல் விடுவாள். பாட்டு முடிந்தால் ஜூடித் விளக்கணைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள் என்பதால், கடைசிப் பாட்டு வரும்போதெல்லாம் அவன் கைப்பிடியை இறக்கினான்.

தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் வெள்ளியங்கிரி, இலை தூங்கி வழிகிறது என்று திட்டினார். குடித்தால் பெருமூச்சு வருகிறது என்று ஏலத்தில் வியாபாரிகள் அந்தத் தேயிலையைக் கேட்டு வாங்க ஆரம்பித்த பிறகு, அவர் திட்டுவதை நிறுத்திவிட்டார்.

பவுல்ராஜுக்கு ஒரே ஒரு குறை. பாட்டை நீட்ட வேண்டுமென்றால் கைப்பிடியைப் பிடித்தபடி நிற்க வேண்டும். விட்டால் அது மேலே துள்ளிக்கொள்ளும். அதனால் சுவருக்கு அந்தப் பக்கம் போய் அவளோடு உட்கார்ந்து கேட்க முடியவில்லை. சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதையும் சொல்ல முடியவில்லை.

ஜூடித் வேலை மாறிக் கூடலூருக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம், அவன் கடைசிப் பாட்டை நீட்டிய நீட்டில் வாசல் செடி ஒரு கொழுந்து விட்டது. ஆனாலும் பாட்டு முடிந்தது. காலையில் ஜீப் அவளையும் இசைத்தட்டையும் ஏற்றிக்கொண்டு போனது.

பவுல்ராஜ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், அப்போது கை வேலையாக இருந்தது என்றான்.

வயது எழுபதைத் தாண்டிவிட்டதால் இனி அவரை 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். ஊட்டி மார்க்கெட்டில் பழைய சாமான் கடையொன்றில் அதே தட்டு, அதே அட்டை, அவர் கண்ணில் பட்டது. கடைக்காரர் கடைசிப் பாட்டைப் போட்டுக் காட்டினார். குரல் மெலிந்து, விடுவிடுவென்று ஓடியது. தட்டில் கோளாறு என்றார் பவுல்ராஜ். ஐம்பது வருசமாக உலகமே இப்படித்தான் கேட்கிறது, இன்னும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது என்றார் கடைக்காரர். உலகத்தை நினைத்துப் பவுல்ராஜுக்குப் பாவமாக இருந்தது.

தட்டை வாங்கிக்கொண்டு கூடலூர் பஸ் ஏறினார். இத்தனை வருசமும் அந்த பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கையில் ஒரு சாக்கு இல்லாமல் ஏற முடியவில்லை.

ஜூடித்தின் தலை பஞ்சாகியிருந்தது. கணவர் சுவரில் படமாகியிருந்தார். பிளேயர் மட்டும் அப்படியே இருந்தது. பழைய தட்டு எப்போதோ உடைந்துபோயிற்றாம்.

"பசங்க சிடியில, செல்போன்ல எல்லாம் போட்டுக் குடுத்தாங்க" என்றாள். "எதுல போட்டாலும் கடைசிப் பாட்ட பஸ்ஸுக்கு ஓடறவளாட்டப் பாடறா. அவ இல்லீங்க இவ."

"அவளேதானுங்க, நர்ஸம்மா. அன்னிக்கு..." என்று தொடங்கினார் பவுல்ராஜ்.

"கடைசிப் பாட்டுக்கெல்லாம் விளக்கு மங்கினது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா, இஞ்சின்காரரே? இன்னொரு நாற்காலி போட்டே வச்சிருந்தேன். ஒரு நாளாச்சும் வந்து கதவத் தட்டுவீங்கன்னு."

"கைப்பிடிய உட்டா பாட்டு முடிஞ்சிருமுங்களே."

ஜூடித் ஒரு நாற்காலியைப் பிளேயருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். கடைசிப் பாட்டில் முள்ளை வைத்தாள். பவுல்ராஜ் உட்கார்ந்து, சுற்றும் தட்டின் ஓரத்தில் விரலை மெல்ல அழுத்தினார். ட்ரம்பெட் தணிந்தது. குரல் இறங்கி, கனத்து, ஒவ்வொரு சொல்லாக விட மனமில்லாமல் விட்டது.

"இவதான்" என்றாள் ஜூடித், கண்ணை மூடிக்கொண்டு. சற்றுப் பொறுத்து, "ஊட்டிக்குக் கடைசி பஸ் போயிருமே" என்றாள்.

"போகட்டுங்க."

"அப்ப வெரல எடுக்காதீங்க."

அன்று அந்தக் கடைசி பஸ்ஸும் மேடேற மனமில்லாமல், விளக்கு மங்கி, ஊர்ந்து ஊர்ந்துதான் போனதாக அதில் வந்தவர்கள் சொன்னார்கள்.